கறையைப் போக்குவோம், பிள்ளையைக் காப்போம்

(பிள்ளை மடுவத்தில் நடந்த பெற்றோர் கூட்டத்தில் நாங்கள் ஆற்றிய உரை)



தீபாவளி என்றாலும் கல்யாணம் என்றாலும் நம் லயங்களில் முதல் வேலை வீடு கழுவுவது. அடுத்தது தலைக்கு டை அடிப்பது. விடிந்து பார்த்தால் தலையணை உறை, வாசல் சீமெந்து, காது மடல் எல்லாம் கறுப்பு! "என்ன போட்டாலும் போகலயே" என்று பலர் எங்களிடம் கேட்டீர்கள். அதைப் பற்றித்தான் இன்று பேசுகிறோம்.

டைக் கறை ஏன் போக மறுக்கிறது? கொழுந்தை நசுக்கினால் முதலில் வருவது பச்சைச் சாறு. காற்றுப் பட்டதும் அது பழுப்பாகி, பிறகு கறுக்கிறது. கொழுந்து எடுக்கிற விரல் கறுப்பதும் அதனால்தான். டையும் அப்படியே. கலக்கும்போது வெளிறி இருக்கும். நேரம் போகப் போகக் கறுத்து நூலுக்குள் இறங்கிவிடும். ஆகவே முதல் சில நிமிடங்களே முக்கியம்.

தோலுக்கு: டை அடிக்கு முன் நெற்றி ஓரத்திலும் காது ஓரத்திலும் தேங்காய் எண்ணெய் பூசுங்கள். பட்டுவிட்டால் ஈரத்துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். மிச்சம் சில நாளில் தானே போய்விடும். பிளீச், மண்ணெண்ணெய் தோலில் வேண்டவே வேண்டாம்.

துணிக்கு: காயவிடாமல் பச்சைத் தண்ணீரில் அலசி, சவர்க்காரம் போட்டுக் கசக்குங்கள். வெள்ளைப் பருத்தித் துணிக்கு மட்டும் தண்ணீர் கலந்த பிளீச் பாவிக்கலாம். கலர் சேலையில் பட்டால் சேலையின் நிறமே போய்விடும்.

சீமெந்துக்கு: அப்பச் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் பூசி, கொஞ்ச நேரம் விட்டுத் தேயுங்கள்.

இரத்தக் கறைக்குப் பச்சைத் தண்ணீர்தான். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை இறுகிவிடும். துருக் கறைக்குத் தேசிக்காயும் உப்பும் தேய்த்து வெயிலில் போடுங்கள்.

இனித்தான் முக்கியமான விஷயம். "ரெண்டையும் கலந்தா இன்னும் நல்லா போகும்" என்று சிலர் பிளீச்சோடு மலசலகூடம் கழுவும் அசிட்டைச் சேர்க்கிறார்கள். அப்படிச் சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். 10க்கு 12 அடிக் காம்பிராவில், கதவைச் சாத்திக்கொண்டு அதைச் சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து. தேசிக்காய்ப் புளியைக்கூட பிளீச்சோடு சேர்க்காதீர்கள். கண்ணும் தொண்டையும் எரிந்தால் எல்லாவற்றையும் போட்டுவிட்டு உடனே வெளியே வாருங்கள்.

இன்னொன்று, எங்கள் தவறையும் ஒளிக்காமல் சொல்கிறோம். ஒருமுறை துப்புரவு வேலைக்கு வந்த நாங்கள் மீதிப் பிளீச்சைச் சோடாப் போத்தலில் ஊற்றித் திண்ணையில் வைத்துவிட்டோம். மூன்று வயதுப் பிள்ளை மூடியைத் திறந்துவிட்டது. பக்கத்தில் இருந்த அப்பாயி தட்டிவிட்டதால் தப்பியது. அப்பாயி எங்களைப் பார்த்துக் கேட்டார்: "சோடா போத்தல்ல இருந்தா புள்ள சோடான்னுதானே நினைக்கும்?" அன்றிலிருந்து நாங்கள் போத்தல் மாற்றுவதே இல்லை.

நீங்களும் பிளீச், அசிட், மண்ணெண்ணெய், டை எல்லாவற்றையும் வாங்கிய போத்தலிலேயே, பிள்ளைக்கு எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். டையை விழுங்கினால் தொண்டை வீங்கி மூச்சே அடைக்கும், சிறுநீரகமும் பழுதாகும்.

தப்பித் தவறிக் குடித்துவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். மண்ணெண்ணெய் நெஞ்சுக்குள் போய்விடும். அசிட் மேலே வரும்போது இரண்டாம் முறை சுடும். இலவச அம்புலன்சுக்கு உடனே 1990 அழையுங்கள். குடித்த போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள். கண்ணில் பட்டால் பீலித் தண்ணீரை மெதுவாக ஊற்றி 15 நிமிடமாவது கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

சட்டையில் கறை இருந்தால் அடுத்த சம்பளத்தில் வேறு சட்டை வாங்கலாம். பிள்ளையை எங்கே வாங்குவது? இன்று வீட்டுக்குப் போனதும் முதலில் அடுப்படி மூலையில் உள்ள போத்தல்களைப் பாருங்கள்.