போகியும் கந்தையும்



வங்க நாட்டிற் குடியேறிய பின்னரும் போகியன்று பழையன கழிக்கும் வழக்கத்தை நாம் விட்டோமில்லை. ஆனால் நாம் தீயிலிடுவன மெய்யாகவே பழையனவா? இவ்வாண்டு போகிக்கு முன்னர், கழிவுத் துணிகளைத் தரம் பிரிக்குமாறு காலனி மாணவ மாணவியரிடம் ஒப்படைத்தோம். கிழிந்தவை ஒரு குவியல். கிழியாதவை மூன்று குவியல். "நல்ல துணிகளாயிற்றே! வேண்டாமெனில் ஏன் வாங்கினீர்கள்?" என்று ஒரு மாணவி வினவினாள். நாம் விடையின்றி நின்றோம்.

ஒரு பருத்திச் சட்டைக்கு வேண்டிய பஞ்சை விளைவித்து நெய்து முடிக்க ஏறத்தாழ 2,700 லிட்டர் நீர் செலவாவதாகக் கணக்கிட்டுள்ளனர். இதனைச் சொன்னபோது பிள்ளைகள் கேட்டுக்கொண்டனர், அவ்வளவே.

பின்னர் அண்டை வீட்டு வங்கத் தாய்மார்கள் அவர்களுக்குக் காந்தாத் தையல் பயிற்றினர். நம் 'கந்தை'யை நினைவூட்டும் பெயர்! பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே நூல் உருவி, நெருக்கமாகத் தைத்துப் போர்வையாக்கும் பழங்கலை அது. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்தும் பாதிப் போர்வையே முடிந்தது. எம் சொல் கற்பியாததை ஊசி கற்பித்தது. சித்திரைப் பிறப்புக்குப் புதுச்சட்டை வேண்டாமென்று ஒரு மாணவன் தானே கூறினான்.

பழையதைப் பயன்கொள்வது நன்று. வேண்டாததை வாங்காமை அதனினும் நன்று. பிள்ளைகள் உணர்ந்துவிட்டனர். இனி உணரவேண்டியவர்கள், பணப்பையைக் கையில் வைத்திருக்கும் நாமே. அடுத்த போகியன்று எரிப்பதற்கு நம் இல்லங்களில் ஒன்றும் இல்லாதிருக்கக் கடவது.