அடுத்த தெருவில் இருக்கும் சமயம்



சமய நல்லிணக்கம் என்றதும் ஒரு மேடைதான் கண்முன் வரும். அடிகளார் ஒருவர், பாதிரியார் ஒருவர், இமாம் ஒருவர். மூவருக்கும் பொன்னாடை. எல்லா மதமும் அன்பையே போதிக்கிறது என்று மூவரும் பேசி முடிப்பார்கள்; படம் எடுத்ததும் அவரவர் காரில் கிளம்பிவிடுவார்கள். இந்த விழாக்களும் தேவைதான். ஆனால் அங்கே யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை. கேட்டுத் தெரிந்துகொண்டவர்களும் தமிழ் மண்ணில் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் கல்லூரி ஆசிரியர்.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தபோது உ.வே.சாமிநாதையருக்குக் கிட்டத்தட்ட 25 வயது. அந்த அக்டோபரில், ஊருக்கு முன்சீப்பாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று ஐயர் அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசரவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. பிறகு முதலியாரே பிரதி கொடுத்து, அதைத் தமக்குப் பாடம் சொல்லும்படி கேட்டுக்கொண்டார்.

தமிழ் அவரைக் கைவிடவில்லை. ஆனால் சமணக் காப்பியமான அந்த நூலுக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் வந்த சமணக் கொள்கைகள் பிடிபடவில்லை. திருவாவடுதுறை மடத்துச் சூழலில், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவருக்குச் சமணர்கள் என்றால் தேவாரத்தில் வரும் எதிரிகள்தான். சம்பந்தர் பதிகங்களில் பத்தாம் பாட்டு என்றாலே பெரும்பாலும் சமணருக்கும் பௌத்தருக்கும் கண்டனம். அந்தப் பாட்டுகளை வைத்துக்கொண்டு சிந்தாமணிக்குப் பொருள் காண முடியாது.

தாம் குடியிருக்கும் பக்கத்தில் சமணக் குடும்பங்கள் இருப்பதாக உடன் வேலை பார்த்தவர் ஒருவர் சொன்னார். ஐயர் அங்கே ஒரு வீட்டுக்குப் போனார். வாசலில் கோலமும் தோரணமுமாக அந்த வீடு விசேஷக் களையுடன் இருந்தது. என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணியைத் தொடர்ந்து படிக்கக் கேட்டுப் பூர்த்தி செய்திருக்கிறார்களாம், அதற்கான கொண்டாட்டமாம்! எந்த நூலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் தடுமாறினாரோ, அந்த நூல் அதே ஊரில் ஒரு வீட்டின் கூடத்தில் புண்ணிய நூலாக ஒலித்துக்கொண்டிருந்தது.

அதன் பிறகு அந்த வீடுகளுக்கு அவர் போய்வந்துகொண்டே இருந்தார். சந்திரநாத செட்டியார் என்னும் சமணப் பெரியவர் சந்தேகங்களைத் தீர்த்துவைத்தார். சைவம் பெரிதா, சமணம் பெரிதா என்ற வழக்கு அங்கே நடக்கவில்லை. இந்தக் கொள்கைக்கு, அதை நம்புகிற நீங்கள் என்ன பொருள் கொள்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

சிந்தாமணி 1887இல் அச்சில் வந்தது. அந்த நூலில் மயங்கிய சோழ மன்னனைத் திருப்புவதற்காகவே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்பது சைவ மரபு சொல்லும் கதை. அப்படிப்பட்ட நூலைத் திருநீறு பூசியவர் பதிப்பிப்பதா என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். ஐயர் நிறுத்தவில்லை. 1898இல் பௌத்த நூலான மணிமேகலையையும் கொண்டுவந்தார். புத்தர் வரலாறு, பௌத்த தருமம், பௌத்த சங்கம் ஆகியவற்றைப் பற்றியும் அதனுடன் எழுதிச் சேர்த்தார். இவ்வளவுக்கும் அவருடைய சிவபூசையும் உருத்திராட்சமும் அவரை விட்டுப் போகவில்லை.

இந்தப் பழக்கத்துக்கு அவர் ஆசிரியர் வீட்டிலேயே விதை விழுந்திருக்க வேண்டும். மீனாட்சிசுந்தரம் பிள்ளை, கத்தோலிக்கரான மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைப் பாட்டுடைத் தலைவராக்கிக் குளத்தூர்க் கோவை பாடியவர். அவருடனேயே இருந்து படித்த மாணவர் சவேரிநாத பிள்ளை கிறிஸ்தவர். 1876 பிப்ரவரி 1 அன்று ஆசிரியரின் உயிர் பிரிந்த நேரத்தில் சாமிநாதையர் பக்கத்தில் இருந்து திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசித்தார். ஆசிரியரைத் தம் மார்பில் சாய்த்துத் தாங்கிக்கொண்டிருந்தவர் சவேரிநாத பிள்ளை.

உரையாடினால் எல்லாரும் ஒத்துப்போய்விடுவார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த பீட்டர் பெர்சிவல் பாதிரியாருடன் உட்கார்ந்து பைபிளைத் தமிழாக்க உழைத்தார். அந்த மொழிபெயர்ப்புக்காக இருவரும் சென்னைக்கே வந்தார்கள். விவிலியத்தை அவ்வளவு நெருங்கிப் படித்தவர் கிறிஸ்தவர் ஆகவில்லை. 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். பள்ளி, அச்சகம், பிரசங்கம், துண்டுப் பிரசுரம் என்று மிஷனரிகளின் வழிகளையே கையாண்டு அவர்களை எதிர்த்தார். சாதி விஷயத்தில் பழைய கட்டுப்பாட்டை அவர் விடவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் எதிர்த்தரப்பைப் படித்துவிட்டு எதிர்த்தார். அவருடைய கண்டனங்களுக்கு இருந்த கூர்மை அங்கிருந்து வந்தது.

இன்று நிலைமை தலைகீழ். இஸ்லாத்தைப் பற்றி இஸ்லாமியர் அல்லாதவர் அனுப்பிய வாட்ஸ்ஆப் செய்தியும், இந்துக்களைப் பற்றி இந்து அல்லாதவர் வெட்டி ஒட்டிய காணொளியும் விடிவதற்குள் குடும்பக் குழுக்களை வந்து அடைந்துவிடுகின்றன. அதே குடும்பத்துப் பிள்ளைகள் நான்கு ஆண்டு ஒரே விடுதி அறையில் வேற்று மதத்தவரோடு படுத்து எழுந்திருக்கிறார்கள். செமஸ்டர் நோட்டு முதல் சட்டை வரை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள். சமயத்தைப் பற்றிய பேச்சு மட்டும் வரவில்லை. சங்கடமாகிவிடுமோ என்ற தயக்கம்.

பட்டதாரிகளே, வேலைக்குப் போகும் இடத்தில் பக்கத்து இருக்கைக்காரர் ரமலான் நோன்பு இருப்பார். இன்னொருவர் தவக்காலத்தில் பிரியாணியை மறுப்பார். மற்றொருவர் மாலை போட்டுக்கொண்டு செருப்பில்லாமல் வருவார். ஏன் என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்வது நூலில் உள்ளபடி இல்லாமல், அவர் வீட்டு வழக்கமாக இருக்கலாம். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதே. பதிலுக்கு அவரும் கேட்பார். சரஸ்வதி பூசையன்று ஏன் புத்தகத்தைத் தொடக்கூடாது, சந்தனக்கூடு எதற்கு, ஞாயிறு திருப்பலிக்குப் போகாவிட்டால் என்ன ஆகும் என்பார். உங்களில் பாதிப்பேருக்காவது பதில் தெரியாது. வீட்டுக்குப் போன் போட்டுப் பாட்டியைக் கேட்க வேண்டிவரும். கேளுங்கள், பாட்டி மகிழ்ந்துபோவார்.

பட்டம் பெற்ற அனைவருக்கும் வாழ்த்துகள்.