பட்டியல் முடிவின் மணியோசை

தரவுத்தளம் என்பது பெரும் பதிவேடுகளைக் கணினியில் அடுக்கிவைக்கும் இடம் என்பதை நேயர்கள் அறிவர். அப்பதிவேடுகள் மீது அடிக்கடி நிகழவேண்டிய வேலைகளை ஒருமுறை எழுதி அதனுள்ளேயே வைத்துவிடுவதுண்டு. அதற்குச் சேமித்த செயல்முறை என்று பெயர். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தளத்தில் இவ்வசதி 2005ஆம் ஆண்டு வெளியான 5.0 பதிப்போடு வந்தது.

பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து நோக்கவேண்டின், அச்செயல்முறை கர்சர் என்னும் கருவியை நாடுகிறது. இடாப்பின் மீது விரல்வைத்துப் பெயர் பெயராகக் கீழிறங்கும் ஆசிரியரின் செயல் போன்றது அது. கடைசிப் பெயரையும் கடந்து இன்னுமொன்றைக் கேட்டால், தரவு இல்லையென்னும் 1329ஆம் இலக்க அறிவிப்பு எழும். இது பிழையன்று, பட்டியல் முடிந்ததென அடிக்கும் மணி. அம்மணி கேட்டதும் 'முடிந்தது' எனக் குறியிடுவதற்கு ஒரு கையாளியை முன்னரே எழுதிவைப்பர். ஒவ்வொரு பெயரையும் எடுத்தவுடனேயே அக்குறியைப் பார்த்தல் வேண்டும். பிந்திப் பார்த்தால் கடைசிப் பெயர் இருமுறை கணக்கில் ஏறும்.

இனி, ஓய்வூதியம் பெறும் நூறு பேரின் பட்டியலொன்றை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொருவரின் வங்கிக் கணக்கிலக்கத்தையும் வேறோர் அட்டவணையில் தேடி எடுத்து ஒரு மாறியில் இடவேண்டும். நாற்பதாமவருக்குக் கணக்குப் பதியப்படவில்லை என்க. அத்தேடலும் அதே அறிவிப்பையே எழுப்பும். கையாளிக்கு இரண்டு மணியும் ஒன்றே. பட்டியல் முடிந்ததெனக் குறித்துவிடும். எஞ்சிய அறுபது பேரும் விடுபடுவர். இன்னும் கொடியது ஒன்றுண்டு: தேடல் வெறுமையானால் மாறியிலுள்ள பழைய இலக்கம் மாறாது நிற்கும். ஆகவே நாற்பதாமவரின் பணம் முப்பத்தொன்பதாமவரின் கணக்கிற் சேரும். செயல்முறையோ செவ்வனே முடிந்ததாகவே காட்டும்.

உள்தேடலைத் தொடக்கமும் முடிவுமுடைய தனிக்கூறாக அடைத்து, அதற்கெனத் தனிக் கையாளி வைப்பதே தக்க வழி. உள்ளே எழும் மணி உள்ளேயே அடங்கும். கணக்கில்லாதவர் பெயரைப் புறம்பே குறித்துக்கொண்டு வேலை தொடரும். தேடல் முடிந்தபின் குறியை அழித்துவிடுவோரும் உளர். அதுவும் பயன்படும், ஆயினும் ஓரிடத்தில் மறந்தாற் போயிற்று. எச்சரிக்கை எதுவாயினும் வாயடைக்கும் கையாளியை எழுதுவோர், காவல் நாயைக் கட்டிவைத்து உறங்குவோரே.

உண்மையில் பலவிடத்துக் கர்சரே வேண்டியதில்லை. எட்கார் கொட் 1970இல் வெளியிட்ட கொள்கை, பதிவுகளை ஒருசேர நோக்குவது. ஓய்வூதியப் பட்டியலை இடப்புறம் வைத்துக் கணக்கு அட்டவணையோடு ஒரே கட்டளையால் இணைத்தால், நூறு பேரும் வருவர். நாற்பதாமவரின் கணக்கிலக்கம் மட்டும் வெறுமையாய் நின்று தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.