மணலில் தோன்றும் சித்திரம்



ஒரு தகட்டின்மேல் மணலைத் தூவிச் சப்தம் எழுப்பினால், மணல் தானாக நகர்ந்து நட்சத்திரம் போலவும் கோலம் போலவும் வந்து நிற்கிறது. இதைக் காட்டி, "பார்த்தீர்களா, மந்திரத்துக்கு உருவம் உண்டென்பதற்கு விஞ்ஞானமே சாட்சி" என்று சொல்லுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆகவே இந்தச் சங்கதியின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

நாம் சொல்லுவதற்காக யாரும் நம்ப வேண்டியதில்லை. கிணற்றுக் கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டி, மறு நுனியைக் கையில் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கையிலிருந்து புறப்பட்ட அலை தூணில் முட்டித் திரும்பும். போகிற அலையும் வருகிற அலையும் கலக்கும். கண்டபடி ஆட்டினால் குழப்பந்தான். குறிப்பிட்ட ஒரு வேகத்தில் ஆட்டினாலோ, கயிறு முழுவதும் ஒரே வயிறாகப் புடைத்து ஆடும். வேகத்தை இரட்டித்தால் இரண்டு வயிறாகப் பிரியும். நடுவில் ஓர் இடம் மட்டும் அசையாது. மூன்று மடங்காக்கினால் வயிறு மூன்று, நடுவில் அசையாத இடம் இரண்டு. அலை ஓடுவதாகவே தெரியாது. இதற்குத்தான் நிலை அலை என்று பெயர். அசையாத இடம் கணு.

தகட்டிலும் நடப்பது இதுவே. ஜெர்மனியில் கிளாட்னி என்பவர் தகட்டின் ஓரத்தில் பிடில் வில்லை இழுத்துக் கண்ட சித்திரங்களை 1787-ல் புத்தகமாக வெளியிட்டார். ஆடுகிற இடத்து மணல் துள்ளி விலகுகிறது. ஆடாத இடத்தில் போய்ச் சேருகிறது. சேர்ந்த கோடுகளே சித்திரம். தகட்டைப் பிடிக்கும் இடத்தையும் சுருதியையும் மாற்றினால் சித்திரமும் மாறும். அந்த வில்லுக்கு எந்த மந்திரம் தெரியும்? எந்தக் கடவுளின் பேர் தெரியும்?

ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஆடும் வேகங்கள் உண்டு. ஊஞ்சலை அது திரும்பும் சமயம் பார்த்துத் தள்ளினால், சிறு பிள்ளையின் கையே அதை உயரத்துக்கு ஏற்றிவிடும். வேகத்துக்கு வேகம் ஒத்துப்போகும் இந்த ஒத்ததிர்வை அறியாவிட்டால் ஆபத்தும் உண்டு. 1831-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகே 74 சிப்பாய்கள் தாளம் தப்பாமல் நடந்ததில் பிராட்டன் தொங்கு பாலம் குலுங்கி இடிந்தது. பழுதான ஓர் ஆணியும் காரணமாயிருந்தது. அதன் பின் அங்கு என்ன செய்தார்கள்? சாந்தி கழித்தார்களா? இல்லை. பாலத்தின்மேல் தாளம் போட்டு நடக்காதே என்று பட்டாளத்துக்கு உத்தரவு போட்டார்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். மணல் ஏன் இப்படி நிற்கிறதென்று கணக்கால் காட்டுகிறவருக்குப் பரிசு என்று 1809-ல் பிரான்சில் அறிவித்தார்கள். அதை 1816-ல் பெற்றது யார்? சோஃபி ஜெர்மேன் என்ற ஒரு பெண்! அவர் சிறுமியாயிருந்தபோது, இரவில் கணக்குப் படிக்கக்கூடாதென்று பெற்றோர் மெழுகுவர்த்தியைப் பறித்தார்களாம். பாரிசின் பெரிய கல்லூரியோ பெண் என்று சேர்க்க மறுத்தது. அவர் பாடக் குறிப்புகளைத் தேடி வாங்கிப் படித்து, லெபிளாங்க் என்ற ஆண் பெயரில் எழுதி அனுப்பினார். பரிசுக்கும் ஒரு முறையல்ல, மூன்று முறை எழுத வேண்டியிருந்தது. அப்படியும் அவர் கணக்கில் குறை இருந்தது. 1850-ல் கிர்க்காஃப் என்பவர் திருத்தினார். திருத்தியதற்காக யாரும் அவரை நாஸ்திகர் என்று தூற்றவில்லை. தப்பைத் தப்பென்று சொல்ல இடமிருப்பதே விஞ்ஞானம், சொல்லக்கூடாதென்பதே சாஸ்திரம்.

தோழர்களே! மணலுக்கு ஆண் பெண் தெரியாது, மேல்சாதி கீழ்சாதி தெரியாது. யார் இழுத்தாலும் ஒரே சித்திரத்தைத்தான் காட்டும். அதைப் பார்த்து "ஏன்?" என்று கேட்கும் உரிமையை மட்டும் மனிதன் மனிதனுக்கு மறுத்தான், பெண்ணுக்கு அடியோடு மறுத்தான். ஆகவே இன்றிரவு வீட்டுக்குப் போனதும் கயிற்றைக் கட்டுங்கள். ஆனால் நுனியை உங்கள் பெண் குழந்தையின் கையில் கொடுங்கள். அவள் ஏன் என்று கேட்டால் வாயை அடைக்காதீர்கள், விளக்கையும் அணைக்காதீர்கள். நாம் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்.