காரில் பெல்ட் கத்தினால், ஏ.சி. குளிராவிட்டால்...

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



செயலாளர் பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார். நான் மெக்கானிக் இல்லை. பதினான்கு வருடமாக ஒரே காரை வைத்துக்கொண்டு, பட்டுத் தெரிந்துகொண்டவன். நம் வளாகத்தில் பத்து வயது தாண்டிய வண்டிகள் நிறைய நிற்கின்றன. காலையில் 'கிரீச்' என்று கத்துவது யார் வண்டி என்று வாட்ச்மேனைக் கேட்டால் ஃபிளாட் நம்பரோடு சொல்வார்.

போன கோடையில் என் வண்டியும் ஏ.சி. போட்டால் கத்த ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் பெல்ட்டை டைட் செய்து கொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் மறுபடி சத்தம், மறுபடி டைட். குளிர்ச்சியும் குறைந்ததால் கேஸ் ஏற்றினார்கள். மே மாதம் அம்மாவோடு காஞ்சிபுரம் போய்விட்டுத் திரும்பும்போது, ஒரகடம் தாண்டியதும் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு எரிந்தது. 'புது பேட்டரிதானே, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஓட்டிக்கொண்டே வந்தேன். அதுதான் நான் செய்த தப்பு. கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் முள் மேலே போய், பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. பெல்ட் அறுந்திருந்தது. ஹெட் கேஸ்கெட்டும் போய்விட்டது. எண்பது வயது அம்மா, வெயிலில் டீக்கடை பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.

என் வண்டியில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர் எல்லாவற்றையும் சுற்றுவது ஒரே பெல்ட். அது அறுந்தால் சார்ஜ் நிற்கும். அதனால்தான் பேட்டரி விளக்கு. வாட்டர் பம்பும் நிற்பதால் எஞ்சின் கொதிக்கும். ஆகவே ஓடும்போது பேட்டரி விளக்கு எரிந்தால் உடனே முள்ளைப் பாருங்கள். ஏறினால் ஓரம் கட்டி எஞ்சினை அணையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். சில வண்டிகளில் வாட்டர் பம்ப் டைமிங் பெல்ட்டில் ஓடும், ஏ.சி.க்குத் தனி பெல்ட்டும் இருக்கும். உங்கள் வண்டி எந்த வகை என்று மெக்கானிக்கிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி. பெல்ட் தனியாக இருந்தால் அது அறுந்தாலும் வியர்த்துக்கொண்டாவது வீடு வந்து சேரலாம்.

சரி, பெல்ட் ஏன் கத்துகிறது? மழைநாள் காலையில் ஒரு நிமிடம் கத்தி அடங்கினால் ஈரம், விடுங்கள். தொடர்ந்து கத்தினால், எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்ப்பார்கள். சத்தம் கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது, அல்லது டென்ஷனர் ஓய்ந்துவிட்டது. சத்தம் சற்று நின்று திரும்ப வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. இதை மெக்கானிக்கை விட்டே செய்யச் சொல்லுங்கள். துப்பட்டா, லுங்கி, தொங்கும் சட்டைக் கையோடு பானெட்டுக்குள் குனியவே வேண்டாம். எஞ்சின் அணைந்திருந்தாலும் மின்விசிறி திடீரென்று சுழலும்.

ஏ.சி. போட்டால் மட்டும் கத்துகிறது என்றால் கம்ப்ரஸரைச் சந்தேகப்படுங்கள். என் வண்டியில் அது உள்ளே இறுகிக்கொண்டிருந்தது. பெல்ட் அதைத் தாங்க முடியாமல் வழுக்கியது. டைட் செய்ததால் சத்தம் அடங்கியது, நோய் அடங்கவில்லை. அளவுக்கு மீறி இறுக்கினால் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப் பேரிங்குகளும் தேயும். அப்படிப்பட்ட சமயத்தில் ஏ.சி.யை அணைத்தே ஓட்டுங்கள். கிளட்ச் விட்டுவிடுவதால் புல்லி மட்டும் சும்மா சுற்றும். ஏ.சி. அணைத்தும் கரகரவென்று சத்தம் வந்தால் அந்தப் புல்லி பேரிங்கோ டென்ஷனர் பேரிங்கோ போயிருக்கலாம்.

குளிரவில்லை என்றதும் 'கேஸ் ஏற்றுங்கள்' என்று நாமே சொல்லிவிடுகிறோம். கேஸ் பெட்ரோல் மாதிரி செலவாகும் பொருள் அல்ல. வேகமாகக் குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைப் பார்க்காமல் ஏற்றினால் பணம் காற்றில் போகிறது. சிக்னலில் நிற்கும்போது சூடு, நெடுஞ்சாலையில் குளிர் என்றால் முதலில் கண்டென்ஸர் விசிறியைப் பார்க்கச் சொல்லுங்கள். ஏ.சி. பட்டனை அழுத்தியதும் பானெட்டுக்குள் 'டிக்' என்று கேட்க வேண்டும். கேட்காவிட்டால் ஃபியூஸ், ரிலே, பிறகு கேஸ் அழுத்தம் என்று போகலாம். கேஸ் மிகவும் குறைந்தாலும் கம்ப்ரஸர் ஓடாதபடி பிரஷர் சுவிட்ச் தடுத்துவிடும்.

பெல்ட் மாற்றும்போது டென்ஷனரையும் கையால் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பழைய பெல்ட்டை வாங்கி, மடக்கி, பள்ளங்களைப் பாருங்கள். வெடிப்பு இல்லாவிட்டாலும் பள்ளம் தேய்ந்திருக்கும். எண்ணெய் படிந்திருந்தால் எங்கிருந்து ஒழுகியது என்று கேளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு பி பிளாக் பின்னால் என் வண்டியைத் திறந்து வைத்திருப்பேன். எந்தப் புல்லி எது என்று காட்டுகிறேன், வாருங்கள். அறுந்த அந்தப் பெல்ட்டையும் எடுத்து வருகிறேன்.