சாலைக்கு முன் குறிக்கோள்



தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறும் மலைச்சாலை 1931-இல் முடிந்தது. காய்கறி லோரியும் பள்ளிப் பேருந்தும் சுற்றுலாக் கார்களும் அதே வளைவுகளில்தான் எதிர்ப்படுகின்றன. வியாபாரிக்கு விரைவு வேண்டும். தோட்டத்துத் தாய்க்குப் பிள்ளை பத்திரமாகத் திரும்ப வேண்டும். பூர்வகுடியினருக்கு ஆறு கலங்காதிருக்க வேண்டும்.

சாலையை அகலப்படுத்த மலையை ஆழ வெட்டினால் மண்சரிவு அபாயம் கூடும். சரிந்துவிட்டாலோ எவருக்கும் வழியில்லை! ஆகவே, மலை சரியக்கூடாது, உயிர் போகக்கூடாது என்ற இரண்டையும் பொதுக் குறிக்கோளாக முதலில் கொள்வோம். அகலமும் வேகமும் அதன் பின்னரே.

உள்ளூர்த் திட்ட வரைவை மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்கிறது 1976-ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டமிடல் சட்டம். அவ்வேளையில் ஆளுக்கொரு மனு வேண்டாம். கூடிப் பேசி ஒரே மனுவாகக் கொடுப்போம்.