நுழைகழி நாட்டில் ஒரு பயணம்



கடலைக் காண விரும்பினாற் கரைக்குச் செல்கின்றோம். மலையைக் காண விரும்பினால் உள்நாட்டுக்குச் செல்கின்றோம். இவை இரண்டும் எதிரெதிர்த் திசைகளில் உள்ளவை என்பதே நம்மிற் பலருடைய எண்ணம். நோர்வே நாட்டின் மேற்குப் பகுதியில் இந்த எண்ணம் பொய்த்துப் போகின்றது. அங்கே கடலானது மலைகளை ஊடறுத்துக்கொண்டு உள்நாட்டுக்குள் நெடுந்தூரம் வந்து நிற்கின்றது. திறந்த கடலிலிருந்து ஏறக்குறைய நூறு மைல் உள்ளேயிருக்கும் ஒரு சிறு கிராமத்தின் துறையிலே பெருங்கப்பல் வந்து அணைகின்றது. மலைகளின் நடுவே இவ்வாறு நீண்டு கிடக்கும் ஒடுங்கிய கடலை அந்நாட்டார் 'பியோர்ட்' என்பர். நமது புவியியல் நூல்கள் அதனை நுழைகழி என்று வழங்குகின்றன. பொருத்தமான பெயர்தான்.

இந்த நுழைகழிகளை ஆக்கியது கடல் அன்று, பனிக்கட்டியே. பனிக்கட்டிக் காலங்களில் அந்நாடு முழுவதும் பெரும் பனிப் போர்வையின் கீழ்ப் புதைந்து கிடந்தது. அப்பனி தன் பாரத்தினால் நகர்ந்து, பழைய ஆற்றுப் பள்ளத்தாக்குகள் வழியே கடலை நோக்கி ஊர்ந்து சென்றது. ஆறு கடல்மட்டத்தை அடைந்ததும் நிலத்தைக் குடைவதை நிறுத்திவிடும். பனிக்கட்டியாறோ அவ்வாறன்று, கடல்மட்டத்துக்கு எவ்வளவோ கீழேயும் பாறையைக் குடைந்து செல்லும். கடலை அண்மித்துப் பரந்து மெலியும்போதுதான் அதன் வலிமை குன்றும். இதனாலேயே நுழைகழி உள்ளே மிக ஆழமாகவும் வாயிலில் ஆழங்குறைந்தும் காணப்படுகின்றது. நோர்வேயின் மிகப் பெரிய நுழைகழியாகிய சொக்னே 200 கிலோமீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமுடையது. அதன் ஆழம் உள்ளே 1,300 மீற்றர். வாயிலிலோ 200 மீற்றருக்கும் குறைவு. பனி உருகியபின் கடல் புகுந்து அந்தப் பள்ளங்களை நிரப்பியது. நாம் இன்று காண்பது இதுவே.

இந்த நாட்டைப் பார்ப்பதற்குச் சிறந்த வழி, ஒஸ்லோவிலிருந்து புகையிரதத்தில் ஏறி, மலைமுகட்டைக் கடந்து, பின்னர் நீர்மட்டத்துக்கு இறங்கிப் படகிற் செல்வதாகும். நான் சென்ற வழியும் அதுவே. நீங்களும் என்னுடன் சிறிது நேரம் வாருங்கள்.

ஒஸ்லோவையும் மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகரையும் இணைக்கும் இருப்புப்பாதை 1909ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. வண்டி முதலிற் காடுகளையும் வயல்களையும் ஏரிகளையும் கடந்து செல்கின்றது. போகப் போக மரங்கள் குட்டையாகின்றன. பின்னர் மரங்களே இல்லாது போகின்றன. பாறையும் பாசியும் பனித்திட்டுகளுமே எஞ்சுகின்றன. கோடைகாலத்தின் நடுவிலும் பாதையருகே பனி கிடக்கின்றது. கடல்மட்டத்திலிருந்து 1,222 மீற்றர் உயரத்திலுள்ள பின்சே என்னும் நிலையமே நோர்வேயின் புகையிரத நிலையங்களுள் மிக உயரமானது. தென்துருவப் பயணத்துக்கு ஆயத்தஞ்செய்த ஷக்கில்டன், 1914ஆம் ஆண்டில் தம் கருவிகளைச் சோதித்துப் பார்க்க இவ்விடத்தையே தேர்ந்தார் என்றால், இங்குள்ள குளிரைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியதில்லை.

இப்பாதையை அமைத்தவர்கள் ஊர் ஊராகச் சென்று வேலைசெய்த கூலித் தொழிலாளர். நீண்ட மாரிகாலத்திலே, வெளியே பனிப்புயல் வீச, அவர்கள் மலைக்குள்ளே இருந்து பாறையைத் துளைத்தனர். 5,300 மீற்றர் நீளமான கிராவ்ஹால்ஸ் சுரங்கத்தை அவர்கள் முடித்தபோது நோர்வேயில் அதற்கு நிகரான நீளமுடைய புகையிரதச் சுரங்கம் வேறிருக்கவில்லை. பயணிகள் அதனைச் சில நிமிடங்களிற் கடந்துவிடுகின்றனர். இருட்டாயிற்றே என்று எரிச்சலுடன் புத்தகத்தை மூடுகின்றவரையும் கண்டேன். ஆண்டுக்கணக்கான உழைப்பு நமக்கு அந்தச் சிறு எரிச்சலாக மட்டும் தோன்றுகின்றது.

மியூர்டால் என்னும் இடத்தில் வண்டி மாறவேண்டும். அங்கே ஊர் என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. நிலையமும் மலையுமே உள்ளன. இங்கிருந்துதான் புளோம் கிராமத்துக்குச் செல்லும் கிளைப்பாதை தொடங்குகின்றது. இதன் நீளம் 20 கிலோமீற்றர் மாத்திரமே. ஆனால் இந்தச் சிறு தூரத்துள் வண்டி 866 மீற்றர் உயரத்திலிருந்து ஏறக்குறையக் கடல்மட்டத்துக்கு இறங்கவேண்டும். பாதையின் பெரும்பகுதியில், பதினெட்டு அடி முன்சென்றால் ஓரடி இறங்கும் சரிவு உண்டு. பற்சக்கரம் எதுவுமின்றிச் சாதாரணத் தண்டவாளத்திலே இவ்வளவு செங்குத்தாக ஓடும் புகையிரதப் பாதைகள் உலகிற் சிலவே.

இதற்காகக் குடையப்பட்ட சுரங்கங்கள் இருபது. அவற்றுட் பதினெட்டு, பெரும்பாலும் கைவேலையினால் அமைந்தவை. ஒரு மீற்றர் முன்னேறுவதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் சென்றது என்பர். ஓரிடத்தில் இறங்குவதற்கு வெளியே இடம் போதாமையால், பாதை மலையின் உள்ளேயே வளைந்து திரும்பி, புகுந்த பக்கத்துக்கே வெளிப்படுகின்றது. பள்ளத்தாக்கின் ஆற்றைப் பாதை மூன்று முறை கடக்கின்றது. ஆயினும் ஒரு பாலமேனும் இல்லை. பாதைக்குக் கீழே சுரங்கம் வெட்டி ஆற்றையே அதனுட் செலுத்திவிட்டனர். 1923ஆம் ஆண்டளவிற் கட்டத் தொடங்கிய பாதை 1940ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்திற் பாவனைக்கு வந்தது. அப்போது நாடு ஜேர்மன் படைகளின் பிடியில் இருந்தது. முதலில் நீராவியால் ஓடிய வண்டிகள் 1944ஆம் ஆண்டிலே மின்சாரத்துக்கு மாறின.

இடையிலே கியோஸ் நீர்வீழ்ச்சியின் அருகே வண்டி சில நிமிடங்கள் நிற்கின்றது. கதவுகள் திறந்ததும் முதலில் வருவது முழக்கம். பின்னர் முகத்தில் அறையும் நீர்த்திவலை. மேடையில் நின்றவர்கள் ஒருவரோடொருவர் பேச முயன்று, முடியாமற் சிரித்துக்கொண்டு மீண்டும் ஏறினர். இப்பாதைக்கு மின்சாரம் தருவதற்கென்றே இந்நீர்வீழ்ச்சியின் வலிமையைக் கொண்டு ஒரு நிலையம் கட்டினர். மலை தடையாக நின்றது உண்மையே; வண்டியை ஓட்டும் ஆற்றலையும் அம்மலையே கொடுத்தது.

புளோமில் இறங்கியதும் துறைக்குச் செல்கின்றோம். இரண்டு மணி நேரப் படகுப் பயணம். முதலில் ஓர்லன்ட் நுழைகழி, பின்னர் அதிலிருந்து பிரியும் நேரோய் நுழைகழி. இவை இரண்டும் சொக்னே என்னும் பெருமரத்தின் கிளைகள் போன்றவை. நேரோய் நுழைகழி மிக ஒடுங்கிய இடத்தில் 250 மீற்றர் அகலமே உடையது. இருபுறமும் மலைகளோ ஆயிரம் மீற்றருக்கு மேல் எழுகின்றன. தளத்தில் நின்று சிகரத்தைப் பார்க்க வேண்டுமானாற் கழுத்தை முற்றாகப் பின்னே சாய்க்கவேண்டும். மழை பெய்தால் முன்பில்லாத இடங்களிலெல்லாம் வெள்ளிக் கம்பிகள் போல நீர்வீழ்ச்சிகள் தோன்றுகின்றன. 2005ஆம் ஆண்டில் நேரோய், கெய்ராங்கர் ஆகிய இரு நுழைகழிகளும் உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்க்கப்பட்டன.

நாங்கள் சென்ற படகு மின்கலங்களால் ஓடுவது. இயந்திர இரைச்சல் இல்லாமையால், எங்கோ கரையில் ஓர் ஆடு கத்துவதும் காதில் விழுந்தது. ஒடுங்கிய மலைகளினிடையே கப்பற் புகை வெளியேற வழியின்றித் தேங்குவதைக் கண்ட நோர்வேப் பாராளுமன்றம், மரபுரிமை நுழைகழிகளிற் புகை கக்கும் கப்பல்களைத் தடுக்கவேண்டும் என்று 2018ஆம் ஆண்டிலே தீர்மானித்தது. சிறிய பயணிகள் கப்பல்களுக்கு 2026ஆம் ஆண்டின் தொடக்கமும், பெரியவற்றுக்கு 2032ஆம் ஆண்டும் எல்லையாக வகுக்கப்பட்டன.

இக்கரைகளில் மனிதர் எவ்வாறு வாழ்ந்தனர் என்பதே பயணியின் மனத்தில் எழும் கேள்வி. சமநிலம் என்பது ஆற்றுவாய்களில் உள்ள சிறு துண்டுகளே. அவையும் போதாதபோது மலைமேல் நூற்றுக்கணக்கான அடி உயரத்திலுள்ள விளிம்புகளிற் குடியேறினர். அங்கே ஆடு வளர்த்தனர், புல்லறுத்தனர். குழந்தைகள் விழுந்துவிடாதபடி அவர்களைக் கயிற்றினாற் கட்டிவைத்தனர் என்று இன்றும் சொல்வர். வரி அறவிட அதிகாரி வந்தால் ஏணியை மேலே இழுத்துவிடும் வழக்கமும் இருந்ததாம். உண்ட்ரெடால் என்னும் கிராமத்துக்குத் தெருவழி 1988ஆம் ஆண்டிலேதான் வந்தது. அதுவரை படகே அவர்களுக்குத் தெரு. படகே அவர்களுக்கு வண்டி. இன்று அப்பகுதியில் 24 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளமுடைய தெருச் சுரங்கமும் உண்டு. 2000ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட லேர்டால் சுரங்கம் அது. மருத்துவரிடம் செல்லவும் பள்ளிக்குச் செல்லவும் வழி எளிதாயிற்று. ஆயினும் நேரோய்க் கரையில் தெரு எட்டாத சில வீடுகள் ஆளின்றி நிற்பதையும் கண்டோம். கூரை செப்பமாக இருந்தது. புகைபோக்கியிற் புகை இல்லை.

நேயர்களே, இதுவரை அழகையே சொன்னேன். அந்த மலைகளுக்கு மற்றொரு முகமும் உண்டு. அதனைச் சொல்லாமல் விட்டால் இப்பேச்சு முழுமை பெறாது.

பனிக்கட்டி செங்குத்தாக வெட்டிவிட்ட மலைச்சுவர் என்றென்றும் நிலைத்து நிற்பதில்லை. பிளவுகளில் நீர் புகுந்து உறைகின்றது, உறைந்த நீர் பாறையைப் பிதுக்குகின்றது, பிளவு அகல்கின்றது. வடக்கே தாபியோர்ட் என்னுமிடத்தில், 1934ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி அதிகாலையில், ஊர் உறங்கிக்கொண்டிருந்த வேளை மலையின் ஒரு பகுதி சரிந்து நுழைகழியில் வீழ்ந்தது. திறந்த கடலாயின் அலை பரந்து தணிந்திருக்கும். ஒடுங்கிய நுழைகழியிலோ அதற்குப் பரவ இடமில்லை. வீழ்ந்த இடத்தருகே அறுபது மீற்றர் வரை எழுந்த நீர், கரையோரக் கிராமங்களை வாரிச் சென்றது. நாற்பது பேர் மாண்டனர். அம்மலையில் வெடிப்பு இருப்பது ஊராருக்கு முன்னரே தெரிந்திருந்தது. என்று விழும் என்பதை மட்டும் எவராலும் சொல்ல இயலவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின், 1936இல், லோயன் என்னுமிடத்து ஏரியிலும் இவ்வாறே மலை சரிந்து 74 பேரைக் கொன்றது. அதே ஏரிக்கரையில் 1905இலும் 61 பேர் இவ்விதமே இறந்திருந்தனர்.

இன்று கெய்ராங்கருக்கு அண்மையில் ஓக்கர்னேசெட் என்னும் மலைச்சரிவு ஆண்டுதோறும் சில சென்ரிமீற்றர் அளவில் நகர்ந்துகொண்டிருக்கின்றது. அங்கே வெடிப்பின் குறுக்கே கருவிகளைப் பொருத்தி, அரசாங்கத்தைச் சேர்ந்த நிபுணர்கள் இரவும் பகலும் அளந்து வருகின்றனர். அசைவு விரைவுற்றால் கீழேயுள்ள ஊர்களை முன்கூட்டியே வெறுமையாக்குவதற்குத் திட்டம் உண்டு. நாம் படகேறிய புளோமின் அருகிலும் அவ்வாறு கண்காணிக்கப்படும் மலைச்சரிவு ஒன்று இருக்கின்றது. அழகிய படங்களை எடுத்துக்கொண்டிருந்த பயணிகளுட் பலர் இதனை அறியார். அங்கு வாழ்வோர் அறிவர், அறிந்தும் வாழ்கின்றனர்.

ஏன் வாழ்கின்றனர்? மூதாதையர் உழுத நிலம் அங்கே இருக்கின்றது. பழகிய துறை அங்கே இருக்கின்றது. ஆபத்துச் சிறிதுமில்லாத ஊர் எங்கே உண்டு? 1934இல் வெடிப்பைக் கண்டவர்கள் அதனை மனத்தில் வைத்து அஞ்ச மாத்திரமே முடிந்தது. இன்றைய பிள்ளைகள் அதன் அசைவை எண்களாகப் படிக்கின்றனர். மலை மாறவில்லை, அதனை மனிதர் பார்க்கும் முறை மாறியிருக்கின்றது. நாற்பது உயிர்கள் கற்பித்த பாடத்தை அந்நாட்டார் வீணாக்கவில்லை என்பதே நான் அங்கே கண்ட பெரிய காட்சி என்று சொல்வேன்.

குட்வாங்கன் துறையில் எங்கள் படகு அணைந்தது. அங்கிருந்து பேருந்திலே வொஸ் என்னும் ஊருக்கு ஏறி, மீண்டும் புகையிரதத்தில் அமர்ந்து, மாலையிற் பேர்கன் நகரை அடைந்தேன். அங்கே மழை பெய்துகொண்டிருந்தது. மலைச்சுவரின் கீழே, நீரோரத்தில், விளக்கேற்றி வைத்திருந்த ஒரு சிறு வீடு மாத்திரம் நெடுநேரம் என் கண்முன்னே நின்றது.